ஜோசப் ராஜ் சார் நின்ற இடங்கள்

பொதுமக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு. இருபத்தாறு ஆண்டுகளாக அரூர் வட்டாரத்துப் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டவரும், பதினோரு விசில்களின் சொந்தக்காரரும், மைதானத்தில் ‘நிக்காத, ஓடு!’ என்பதைத் தவிர வேறு வாசகம் பேசி அறியாதவருமான உடற்கல்வி ஆசிரியர் திரு. ஜோசப் ராஜ் அவர்கள், பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், தருமபுரி ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில், பலர் முன்னிலையில் நடக்கத் தொடங்கினார்.

எவ்வளவு தூரம் நடந்தார் என்பதை அறிவிப்பு சொல்லாது. அவருடைய மகள் ஸ்டெஃபி சொல்வாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் சுருங்கிப் போய்விட்டன. உள்ளே போகும் காற்று லேசில் வெளியே வருவதில்லை. விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் இருபது வருடம் ரகசியமாகப் புகைத்த சிகரெட்டின் வேலை அது. அந்த ரகசியம் பள்ளிக்கூடத்தில் அறுநூறு பேருக்குத்தான் தெரியும். சிகரெட்டை அவர் விட்டு ஒரு வருடம் ஆகிறது. மூச்சு வாங்குவது அவரை விடவில்லை. அதனால் மருத்துவ விடுப்பில் இருக்கிறார்.

அன்றைய பரிசோதனை எளிமையானது. முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள். ஆறு நிமிடத்தில் அவற்றுக்கு நடுவே போய்த் திரும்பி, மொத்தம் எத்தனை மீட்டர் நடக்கிறோம் என்று பார்ப்பார்கள்.

“ஓடக் கூடாதுங்க சார். மூச்சு வாங்குனா நிக்கலாம். சரியானதும் திரும்ப நடக்கலாம்” என்றார் பயிற்சி தரும் ஜாஸ்மின் அக்கா.

“நிக்கறதா? யாரு, நானா?” என்றார் அப்பா.

குடியரசு தின அணிவகுப்பு போலக் கையை வீசிப் புறப்பட்டார். இரண்டாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்தார். உதடு நீலமாகியது. நாற்காலியில் உட்கார்ந்தவர், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. நூற்று முப்பது மீட்டர்.

அடுத்து சித்தேரி மலையிலிருந்து வந்திருந்த குள்ளம்மாள். எழுபது வயது. அறுபது வருட விறகடுப்புப் புகை அவர் நெஞ்சுக்குள் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். நடுவில் இரண்டு தடவை நின்று, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார். பிறகு மறுபடி நடந்தார். இருநூற்று நாற்பது மீட்டர்.

“ஏன் சாமி, அத்தன வேகமா எங்க போனீங்க?” என்று அப்பாவைக் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ஊர் திரும்பும் பஸ் மொரப்பூரைத் தாண்டியது. அப்பா சொன்னார்: “அந்த வராந்தா சரியில்ல. தரை மேடா இருக்குது.”

ஸ்டெஃபி ஜாஸ்மின் அக்கா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தாள். “தினமும் நடக்கணும் பாப்பா. நடக்கலன்னா காலு மெலியும். காலு மெலிஞ்சா சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். மூச்சு வாங்குதேன்னு உக்காந்தா, காலு இன்னும் மெலியும்.”

முடிவுக்கோடு இல்லாத ஓட்டப்பந்தயம் போல இருந்தது அது. மே மாதம் மறுபடி பரிசோதனை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பள்ளிக்கூட கேட்டிலிருந்து மைதானத்துக்கு இருநூறு மீட்டர். மைதானத்துக்கே போய்ச் சேர முடியாதவர் எப்படி விளையாட்டு சாராக இருப்பார்?

மறுநாள் மாலை அப்பா தெருவில் இறங்கினார். நாற்பதாவது அடியில், கலைவாணன் டீக்கடைக்கு எதிரே, மூச்சு முட்டி நின்றார். கலைவாணன் அவருடைய பழைய மாணவன்.

“என்னங்க சார், மூச்சு வாங்குதுங்களா? டேய், ஸ்டூல் எடுடா! தண்ணி கொண்டா! அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு!”

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“யாருக்கு மூச்சு வாங்குது? செருப்பு வாரு அறுந்துபோச்சு” என்றார் அப்பா. அறுந்துபோகாத வாரை மூன்று நிமிடம் ஆராய்ச்சி செய்தார். வீட்டுக்குத் திரும்பினார். அதோடு சரி. அடுத்த இரண்டு வாரம் வாசலைத் தாண்டவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து விரலில் கவ்வும் சின்ன மெஷினை மாட்டிக்கொள்வதே வேலையாகிவிட்டது. இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் மெஷின் அது.

“தொண்ணூத்தி ஒண்ணு! பாத்தியா? டிஸ்டிங்ஷன்!”

ஸ்டெஃபி மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. அம்மா ஞானமேரி மாட்டினார். தொண்ணூற்றேழு.

“இந்த வூட்டுல நீங்கதாம்பா கடைசி பெஞ்சு” என்றாள் ஸ்டெஃபி.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அம்மா அவரை விடாப்பிடியாகக் கோயிலுக்கு இழுத்துப் போனார். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாதா கோயில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் சிலுவைப் பாதை நடந்தது. மதில் சுவரை ஒட்டி, இயேசு சிலுவை சுமந்த வழியைக் காட்டும் பதினான்கு படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிலை. கூட்டம் ஒரு நிலையில் நின்று ஜெபிக்கும். பாட்டுப் பாடிக்கொண்டே மெதுவாக அடுத்த நிலைக்கு நகரும். மறுபடி நிற்கும்.

மூன்றாம் நிலையில் அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று ஸ்டெஃபி நினைத்தாள். கிளம்பவில்லை. ஏழாம் நிலையில் பார்த்தாள். இருந்தார். பதினொன்றில் பாட்டுகூடப் பாடினார், தப்பான ராகத்தில். பதினான்காம் நிலையில் நின்றுகொண்டு, “கஞ்சி ஊத்தறது எந்தப் பக்கம்?” என்று விசாரித்தார்.

மறுநாள் காலை ஸ்டெஃபி அப்பாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நாடாவின் முனையில் கல்லை வைத்துவிட்டு அளந்தாள். ஒரு நிலைக்கும் அடுத்ததுக்கும் இருபது மீட்டர். பதினான்கு நிலைகளுக்கு நடுவே பதின்மூன்று இடைவெளி. இருநூற்று அறுபது மீட்டர்! ஆஸ்பத்திரியில் நடந்ததைப் போல இரண்டு மடங்கு.

வீட்டுக்கு ஓடிவந்து ஜாஸ்மின் அக்காவுக்கு போன் செய்தாள்.

“அக்கா, நின்னு நின்னு நடந்தா அது கணக்குல சேருமாக்கா?”

“நல்லா சேரும். அதுக்குப் பேரே இடைவெளிப் பயிற்சி. கொஞ்சம் நடக்கணும், கொஞ்சம் நிக்கணும். பெரிய ஓட்டக்காரங்ககூட அப்படித்தான் பழகறாங்க. மூச்சு வாங்கறதுக்கு அப்பாவையே பத்துக்கு மார்க் போடச் சொல்லு. மூணு, நாலுன்னா நடக்கட்டும். அஞ்சைத் தாண்டுனா நிக்கணும். மெஷின்ல எண்பத்தெட்டுக்குக் கீழ போனாலும் நிக்கணும். சரியா?”

ஸ்டெஃபி நோட்டில் எழுதிக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, இடைவெளிப் பயிற்சின்னா என்னப்பா?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதை இந்த ஊருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்!”

“அப்ப உங்களுக்கும் சொல்லிக் குடுங்க. நேத்து இருநூத்தி அறுபது மீட்டர் நடந்தீங்க. நின்னு நின்னு.”

“நான் எங்க நின்னேன்? ஊரே நின்னுச்சு, நானும் நின்னேன்.”

“அதேதாம்பா! டீக்கடை முன்னாடி நின்னாதான் எதுக்கு நிக்கறீங்கன்னு கேப்பாங்க. கோயில் மதிலோரமா நின்னா யாரு கேப்பாங்க?”

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

தினமும் மாலை ஐந்து மணி. ஸ்டெஃபி பக்கத்தில் நோட்டோடு நடப்பாள். ஒவ்வொரு நிலையிலும், “எத்தனைப்பா?” என்பாள்.

“மூணு.”

“உண்மையா?”

“அஞ்சு.”

“அப்ப நில்லுங்க. மூக்குல இழுங்க, ஒண்ணு, ரெண்டு. விசில் ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு விடுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.”

விசில் இல்லாமல், சத்தம் இல்லாமல் ஊதுவது அவருக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் விடவில்லை. காய்ச்சல் வந்த மூன்று நாளைத் தவிர ஒரு நாளும் விடவில்லை. முதல் வாரம் ஒரு சுற்றுக்கு முப்பது நிமிடம் ஆனது. மூன்றாம் வாரம் இருபது. சில நிலைகளில் நிற்காமலே தாண்டினார்.

ஒன்றை மட்டும் ஸ்டெஃபி எதிர்பார்க்கவில்லை.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்தது. தவக்காலம் போயிற்று. சிலுவைப் பாதை செய்கிறவர்கள் எல்லாம் கறிக்குழம்புக்குத் திரும்பினார்கள். ஜோசப் ராஜ் சார் மட்டும் தினமும் படங்களுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார். ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது.

“சார் பெரிய பக்திமான் ஆயிட்டாரு” என்றார்கள். அருள்ராணி அக்கா ஓடி வந்து, “சார், என் பையனோட பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ஒரு வார்த்தை வேண்டிக்குங்க” என்றார். அப்பா மறுக்கவில்லை. கையை உயர்த்தி, “ஆகட்டும்மா” என்றார். ஸ்டெஃபிக்குக் காது சூடாகிவிட்டது. நிற்பதற்கு ஓர் இடம்தான் அவள் பிடித்துக் கொடுத்தாள். அப்பா அங்கே பீடமே கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை, கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் அருள்குமார் நாலைந்து பேரோடு வந்தார். கலைவாணனும் டீ கேனோடு வந்திருந்தான்.

“சார், வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் உங்களுக்குப் பொன்னாடை. ‘ஜெப வீரர்’னு ஒரு பட்டமும் யோசிச்சிருக்கோம்.”

அப்பாவின் மார்பு விரிந்தது. பயிற்சியால் விரிந்ததைவிடக் கூடுதலாகவே விரிந்தது.

அப்போது கோயில் கேட்டுக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. கருப்பண்ணன். கல் பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டது. ஒரு வருடமாக வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார்.

“உங்களுக்கு உங்க சாமி... கண்ணைத் தொறந்துட்டாருங்க சார்” என்றார் மூச்சிரைக்க. “நீங்க நடக்கறத... தெனமும் பாக்கறேன். எனக்கு... அந்தக் குடுப்பினை இல்லீங்க.”

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அப்பா உச்சுக்கொட்டவில்லை. அந்த நாற்காலியையே பார்த்தார்.

ஸ்டெஃபி மெதுவாக அவர் கையைத் தொட்டாள். “அப்பா, அவருக்கு யாரும் நின்னு நடக்கலாம்னு சொல்லவே இல்லப்பா.”

அப்பா தொண்டையைக் கனைத்தார். விசில் ஊதுவதற்கு முன்னால் அப்படித்தான் கனைப்பார்.

“அருள்குமார், பொன்னாடை வேணாங்க. நான் ஜெபம் பண்ண நிக்கல. எனக்கு மூச்சு வாங்குது. ரெண்டு நுரையீரலும் கெட்டுப்போச்சு. நாற்பது அடி நடந்தா நிக்கணும். அதான் நிக்கறேன்.”

சொல்லிவிட்டார். தெருவெல்லாம் சிரிக்கப்போகிறது என்று கண்ணை இறுக்கிக்கொண்டார்.

“அது எங்களுக்குத் தெரியுமுங்களே சார்” என்றான் கலைவாணன். “அந்தச் செருப்பு வாரு கதையை அன்னைக்கே எவனும் நம்பலீங்க. சாமான் ரூமுக்குப் பின்னாடி சிகரெட் குடிச்சதும் தெரியுமுங்க.”

அருள்குமாருக்கு மட்டும் தெரியாது போலும். பொன்னாடையை ஏற்கெனவே வாங்கிவிட்டாரோ என்னவோ, முகம் வாடிப்போயிற்று.

அப்பா தெருவைக் கடந்தார். நடுத்தெருவில் ஒருமுறை நின்றார். எல்லோரும் பார்க்கத்தான் நின்றார். உதட்டைக் குவித்து ஊதினார். பிறகு கருப்பண்ணனிடம் போனார்.

“நாளைக்கு தருமபுரிக்குப் போறோம். மொதல்ல டாக்டர் பாக்கட்டும். அப்புறம் ஜாஸ்மின் மேடம் எப்படி நடக்கணும்னு சொல்லித் தருவாங்க.”

“என்னால... முடியுமுங்களா சார்?”

“ஓட வேண்டியதில்ல. நிக்கலாம்” என்றார் அப்பா. இருபத்தாறு ஆண்டு வாத்தியார் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் இன்னொருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

மே மாதம், அதே வராந்தா, அதே கூம்புகள். ஸ்டெஃபி நோட்டோடு நின்றாள். கருப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார்.

அப்பா நிதானமாகக் கிளம்பினார். கையை வீசவில்லை. மூன்றாவது நிமிடத்தில் தானாக நின்றார். மூக்கில் இரண்டு, உதட்டில் நான்கு. நடந்தார். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி நின்றார். ஸ்டெஃபி நகத்தைக் கடித்தாள். அவர் அவளைப் பார்த்து நான்கு விரலைக் காட்டிவிட்டு நடந்தார். மணி அடித்தது.

“முந்நூத்தி பத்து!” என்றார் ஜாஸ்மின் அக்கா. “சார், பள்ளிக்கூட மைதானத்துக்குப் போயிட்டு பாதி வழி திரும்பியும் வந்துடலாம்!”

ஸ்டெஃபி குதித்தாள். கருப்பண்ணன் கைதட்டினார். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, விரலை உயர்த்தி, வராந்தாவின் நடுவில் நின்று பேச ஆரம்பித்தார்: “இன்னைக்கு இந்த மாவட்டத்தோட உடற்பயிற்சி வரலாற்றுல ஒரு புது அத்தியாயம். மன உறுதிங்கறது என்னன்னா...”

“சார், கொஞ்சம் வழி விடுங்க. அடுத்தவங்க நடக்கணும்” என்றார் ஜாஸ்மின் அக்கா.

குள்ளம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்நூற்று நாற்பது மீட்டர் நடந்தார்.