விடுபட்ட இரண்டு வரிகள்

காலை 10.20. நான்காம் வகுப்பு டீச்சரின் தங்கக் கைக்கடிகாரம் மேஜையிலிருந்து மாயமாகிவிட்டது. சாக்பீஸ் தூள் படாமலிருக்க, கரும்பலகையில் எழுதும்போது அதைக் கழற்றி வைப்பது அவர் வழக்கம். மேஜையருகே பென்சில் சீவும் குப்பைக்கூடை.

11.40. போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது திருடியும் தயார், தண்டனையும் தயார். கடைசி மூலையில் முட்டிபோட்டிருந்தாள் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. ஓயாமல் கண் சிமிட்டுவதால் பெயரே சிமிட்டி. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவதான்னு எப்படித் தெரியும்?"

"கேட்டப்போ கண்ணு படபடன்னு அடிச்சுது மேடம். பொய் சொல்ற கண்ணு. நாளைக்கே ஸ்கூலை விட்டு அனுப்பிடுவோம்."

"மத்தவங்க பையைப் பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

கரும்பலகை ஓரத்தில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் 'சிமிட்டி திருடி' என்றிருந்தது. டீச்சர் ஃபோன் செய்யப் போன நேரத்தில் யாரோ எழுதியது. அழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"பாப்பா, போர்டு ஓரத்துல என்ன எழுதியிருக்கு?"

சிமிட்டி சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். "இன்னைக்குத் தேதி மேடம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

இன்ஸ்பெக்டர் அவள் நோட்டைப் புரட்டினார். டீச்சர் எழுதிப்போட்ட பத்து வரிகளில் ஐந்தும் ஆறும் இல்லை.

டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்பதான் எழுந்து வந்திருக்கா!"

இன்ஸ்பெக்டர் பக்கத்து இருக்கை ரெட்டைச்சடைப் பெண்ணின் நோட்டை எடுத்தார். பத்து வரியும் இருந்தன. ஆனால் ஐந்தும் ஆறும் மட்டும் பொடியெழுத்தில், நான்குக்கும் ஏழுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"இவளுக்கு போர்டே தெரியல டீச்சர். அதான் சிமிட்டுறா. இவ எழுதறதெல்லாம் ரெட்டைச்சடையைப் பார்த்து. இங்கே ரெண்டு வரி விட்டுப்போச்சுன்னா, அப்போ அங்கேயும் இல்ல. பிறகு இடுக்குல சொருகினது. பென்சில் சீவற சாக்குல மேஜைக்கு வந்தது இவ இல்ல, அவ."

ரெட்டைச்சடையின் சாக்ஸுக்குள்ளிருந்து கடிகாரம் வெளியே வந்தது.

"அவ எழுந்து போனது உனக்குத் தெரியும்ல?" என்று இன்ஸ்பெக்டர் சிமிட்டியிடம் கேட்டார்.

"அவ என் ஃபிரெண்டு மேடம். அவ மட்டும்தான் எனக்கு நோட்டு காட்டுவா. நான் எடுத்ததாவே இருக்கட்டும்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்றார் டீச்சர், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே.

"கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி இவ அப்பாகிட்ட நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் டஸ்டரைத் தேடினார். அது கிடைப்பதற்குள், எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று பார்க்க சிமிட்டி முன்னால் வந்துவிட்டாள். மூக்கு உரசும் தூரத்தில் நின்று படித்தாள். கண் சிமிட்டல் நின்றது.

ஒரு வருஷமாக தினமும் பக்கத்து நோட்டில் அவள் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்த அதே சாய்ந்த எழுத்து. யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.