நெட்டுப்பாறையில் ஏழு லாரி

கலையரசிக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டுப்பாறைமேல் ஒரு மணி நேரமாக உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்வராயன் மலையில் இருக்கும் அவர்கள் ஊரில் அந்தப் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அதனால்தான் அந்தப் பெயர். எதிர்மலையில் இருக்கும் ஒரே டவர்தான் ஒன்பது ஊர்களுக்கும். ஞாயிறு சாயந்திரம் ஒன்பது ஊரும் சேர்ந்து போனைக் கையில் எடுத்துவிடும்.

அவள் அனுப்ப வேண்டியது இரண்டு நிமிட வீடியோ. ‘எங்கள் ஊருக்கு என்ன வேண்டும்?’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டிக்காக அவள் பேசியது. தேர்வானால் கள்ளக்குறிச்சியில் மேடையேறிப் பேசலாம். ஆறு மணிக்குள் வந்தால்தான் சேர்க்க முடியும் என்று பள்ளிக்கூடத்தில் தெய்வசிகாமணி சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மாவின் போனில் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வீடியோமேல் இருந்த வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பாறையின் ஓர் ஓரத்தில் கந்தசாமி மாமா காமெடி பார்த்துக்கொண்டிருந்தார். படம் கொஞ்சம் ஓடும், நின்றுவிடும். நின்றபோதும் அவர் சிரித்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியுமாம்.

இன்னோர் ஓரத்தில் பெரியநாயகி அக்கா. அவள் கணவர் பழனி குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவருக்கு ஞாயிறு சாயந்திரம் மட்டும்தான் ஓய்வு. வீடியோ காலில் அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. குழந்தை பாறைமேல் கையூன்றி எழுந்து நிற்கப் பார்த்தது.

வட்டம் இன்னும் சுற்றியது. கலையரசி உதட்டை விட்டாள்.

“எல்லாரும் நெட்ட ஆஃப் பண்ணுங்க. படம் பாத்துக்கினு, கொஞ்சிக்கினு... உங்களாலதான் என்னுது போவல.”

கந்தசாமி மாமா நிமிர்ந்தார். “நெட்டு இன்னா உங்கப்பன் வூட்டுக் கெணறா?”

“நீங்க நாளைக்கும் சிரிக்கலாம் மாமா. என்னுது ஆறு மணிக்குள்ள போவணும்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனை அணைத்தார். பெரியநாயகி அக்கா கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி அழைப்பைத் துண்டித்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் நின்றாள்.

பாறையில் ஒரு சத்தமும் இல்லை.

வீடியோ போகவில்லை.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இனி யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. மற்ற எட்டு ஊர்களையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே திரையை விரலால் தள்ளினாள்.

அங்கே அவள் முகம் இருந்தது. அதற்கு மேலே இன்னொரு தடவை அவள் முகம். அதற்கும் மேலே இன்னொன்று. எண்ணினாள். ஏழு. ஒவ்வொன்றின்மேலும் ஒரு வட்டம்.

போகவில்லையே என்ற ஆத்திரத்தில் அதே வீடியோவை ஏழு தடவை அனுப்பியிருந்தாள். அழுத்த அழுத்த வேகமாகப் போகும் என்று நினைத்திருந்தாள்.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவு அவள் நினைவுக்கு வந்தது. அங்கே மரவள்ளி லாரி திரும்பினால் பஸ் ஒதுங்கி நிற்கும். ஒன்று போன பிறகுதான் மற்றது. அவளோ ஒரே வளைவில் ஏழு லாரிகளை விட்டிருந்தாள். ஏழிலும் அவளே உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

காது சுட்டது. ஆறு வீடியோக்களை நீக்கினாள். மிச்சமிருந்த ஒன்றின் வட்டம் மெல்ல நிறைய ஆரம்பித்தது.

மணி ஐந்தே முக்கால். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எழுந்து பெரியநாயகி அக்காவிடம் போனாள்.

“அக்கா, திரும்பக் கால் போடுங்க.”

“உன்னுது போயிடுச்சா?”

“இல்ல. தப்பு எம்மேலதான். ஒரே வீடியோவ ஏழு வாட்டி அனுப்பிட்டேன். நான்தான் வழிய அடைச்சிக்கினு இருந்தேன்.”

அக்கா போனில் நேரம் பார்த்தாள். “மணி ஆவுதேடி. மொதல்ல அது போவட்டும்” என்றாள்.

“பழனி மாமாவுக்கு இன்னிக்கு மட்டும்தான லீவு. ரெண்டும் போவும்க்கா. போவலன்னாலும்...”

அக்கா குழந்தையைப் பாறைமேல் இறக்கிவிட்டுக் கால் போட்டாள். வட்டம் மெதுவானது. கலையரசியின் விரல் மறுபடி அழுத்தத் துடித்தது. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது குழந்தை எழுந்தது. தள்ளாடியது. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி.

“ரெண்டு” என்று குடகிலிருந்து பழனியின் குரல் கேட்டது. அவர் முகம் கட்டம் கட்டமாக இருந்தாலும் சிரிப்பு முழுசாகத் தெரிந்தது.

கலையரசி போனைப் பார்க்கவே மறந்துவிட்டாள். பார்த்தபோது வட்டத்தைக் காணோம். மணி ஐந்து ஐம்பத்தாறு. ‘வந்தது’ என்று சார் எழுதியிருந்தார்.

கந்தசாமி மாமா கனைத்தார். “இப்ப நாங்க சிரிக்கலாமா?”

“சிரிங்க மாமா. ஆனா ஒரு வாட்டிதான் அழுத்தணும்.”

“சரி, அதுல அப்படி இன்னாதான் பேசின?”

“ஒம்போது ஊருக்கு ஒரே டவர் போதுமான்னு கேட்டேன்.”

“கோவமாக் கேட்டியா?”

“ரொம்ப.”

“அப்ப சரி” என்று மாமா ஒரே ஒரு தடவை அழுத்தினார். படம் வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.