வாத்துக் குளத்துக்கு வழிகாட்டிய பலகை

போனில் குறிப்பைப் பார்த்துப் பெட்டி தேடும் விளையாட்டில், சிறுமி வில்லா முதன்முதலாக ஒளித்து வைத்த பெட்டியைத் தேடி மூன்று பேர் போனார்கள். மூன்று பேரும் வாத்துக் குளத்தில்தான் போய் நின்றார்கள்.

மூன்றாவது ஆள் மிஸஸ் ஓகர்லண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்படி ஊர் ஊராக ஒளித்து வைத்த பெட்டிகளில் இருநூறைக் கண்டுபிடித்தவர். இப்போது ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பெட்டியை வாத்து வயித்துலயா வச்சே?"

"இல்லீங்க! ரூஃபஸ் புரூயிட் கல்லறையில அவர் இறந்த வருஷம் இருக்கும். அதோட கடைசி எண்ணைப் போன்ல இருக்கிற என் குறிப்போட சேர்த்தா, வரைபடத்துல இடம் தெரியும்."

"சேர்த்தேனே, எட்டு."

"மூணுங்க! நான் கல்லுல பார்த்தேன்."

"எட்டு. பித்தளைப் பலகையில பளபளன்னு இருக்கு பாரு."

பலகையில் 'கர்னல் ரூஃபஸ் புரூயிட், மாவீரர், 1908' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை வைத்தவர் கொள்ளுப்பேரன் மிஸ்டர் புரூயிட், கல்லறைக் குழுத் தலைவர். பேச்சுக் குரல் கேட்டு அவரே வந்துவிட்டார். தனியாக நடந்தாலும் ஊர்வலம் வருவது போலத்தான் வருவார்.

"இதென்ன விளையாட்டு மைதானமா? இன்னைக்கே அந்தப் பெட்டியை எடுத்துடு!"

வில்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்காத பெட்டி!

"எடுத்துடறேன் சார். ஒரே ஒரு தடவை கல்லைப் பாருங்க."

பாசி படிந்த கல்லில் தண்ணீர் தெளித்து, மெல்லிய தூரிகையால் துடைத்தாள்.

'ரூஃபஸ் புரூயிட். படையின் முரசுக்காரர். 1903.'

கர்னலைக் காணோம். இந்தக் கல்லின் முன்னால் மிஸ்டர் புரூயிட் பதினோரு முறை சொற்பொழிவாற்றியிருக்கிறார். ஒருமுறைகூடக் குனிந்ததில்லை.

"வேற யாராவது... படிச்சாங்களா?" என்றார், குரல் இறங்கி.

"எல்லாரும் உங்க பலகையைத்தான் படிச்சாங்க சார். அதான் குளத்துல விழுந்தாங்க."

மிஸஸ் ஓகர்லண்ட் விழுந்து விழுந்து சிரித்தார். மிஸ்டர் புரூயிட்டின் முகம் சிவந்து வாடியது. வில்லாவுக்குப் பாவமாக இருந்தது.

"முரசுக்காரர் கையில துப்பாக்கி இருக்காது சார். ரெண்டு குச்சிதான். அதை வச்சுக்கிட்டு குண்டு பறக்கிற இடத்துல நிக்கணும். நானா இருந்தா ஓடியிருப்பேன்."

அவர் கல்லையே பார்த்தார். "நானும்தான்" என்றார். பிறகு போனை எடுத்தார். "மூணுன்னா... எந்தப் பக்கம்?"

"சொல்லக் கூடாது சார். நீங்கதான் தேடணும். உள்ள இருக்கிற சீட்டுல முதல்ல கண்டுபிடிக்கிறவங்க பேருதான் மேல இருக்கும்."

"அப்படிச் சொல்லு!" மிஸஸ் ஓகர்லண்ட் ஒற்றை ஷூவோடு ஓடினார். மிஸ்டர் புரூயிட்டும் ஓடினார். வேலியோரப் புதருக்குள் டை மண்ணில் புரள முதலில் நுழைந்தவர் அவர்தான்.

பெட்டிக்குள் விரல் அகலச் சீட்டு. "கல்லறைக் குழுத் தலைவர், வரலாற்றுச் சங்கத்தின்..." என்று தொடங்கினார்.

"இடம் பத்தாது சார்."

யோசித்து எழுதினார்: 'புரூயிட். முரசுக்காரர் கொள்ளுப்பேரன்.'

"சார், பெட்டியை எடுத்துடட்டுமா?"

அவர் அதைப் புதருக்குள் தள்ளி, சருகு போட்டு மூடி, அக்கம்பக்கம் பார்த்தார்.

"உஷ்! மெல்லப் பேசும்மா. யாராவது பார்த்துடப் போறாங்க."