மேக நிறத்து ஒன்பது குஞ்சுகள்

கோழிக்கு வியர்க்காது. பதினெட்டு வருடமாகக் கோழி வளர்க்கும் ஆதிநாராயணனுக்கு அது நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும், நிழலில் மண்ணைப் பறித்து வயிற்றைப் புதைத்துப் படுக்கும்; அவ்வளவுதான். அதனால் சித்திரை மாதத்து ஒரு மத்தியானம், இருபது நாள் குஞ்சு ஒன்றைக் கையில் தூக்கியவன், அதன் மொட்டைக் கழுத்தில் கடுகு கடுகாக நீர் துளிர்த்திருப்பதைப் பார்த்து, தண்ணீர்த் தட்டில் விழுந்து எழுந்திருக்கும் என்று எண்ணி வேட்டி முனையால் துடைத்துவிட்டான். துடைத்த இடத்தில் மறுபடியும் துளிர்த்தது. தட்டு கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

உப்புக் கரித்தது.

மணி இரண்டு. மாந்தோப்பில் ஒரு இலை அசையவில்லை. குஞ்சை மெதுவாகக் கூட்டத்தில் இறக்கிவிட்டு, மற்ற எட்டின் கழுத்தையும் பார்க்காமலே வெளியே வந்துவிட்டான்.

கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அவன் தோப்பும் வீடும். மனைவி தாட்சாயணி அங்கன்வாடிக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை அவனும் கோழிகளும்தான். மாங்காய் சோறு போட்டது. கோழி அவன் பைத்தியம். தலையில் செண்டு வைத்ததுபோல் குடுமி இறகு, கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத சிவந்த தோல், இரண்டும் ஒரே உடம்பில் வர வேண்டும். வந்த பிறகு நிறம் வேண்டும். குடுமிக் கோழியை மொட்டைக் கழுத்துச் சேவலோடு சேர்த்துச் சேர்த்து, செவலை கண்டான், கருப்பு கண்டான், வெள்ளையில் மிளகு தூவியதுபோல் ஒரு புள்ளியும் கண்டான். மழைக்கு முந்தைய மேகம் மாதிரி அந்தச் சாம்பல் நீலம் மட்டும் அவன் கொட்டகையில் பொரிக்கவே இல்லை. அது நாகபூஷணத்திடம் மட்டும்தான் இருந்தது.

நாகபூஷணம் அவனைவிட ஆறு வயது மூத்தவர், அடுத்த ஊர்க்காரர், குடுமிக் கோழி என்றால் என்ன என்று அவனுக்கு முதன்முதலில் காட்டியவர். அந்த நிறத்துக்கு ஒன்பது வருடம் செலவழித்திருந்தார். ஆதி எத்தனையோ முறை முட்டை கேட்டான். "இன்னும் நிக்கலடா ஆதி. பத்துக்கு அஞ்சுதான் வருது, மீதி கருப்பும் அழுக்கு வெள்ளையுமா பூடுது. இன்னும் ரெண்டு தலமொற போவட்டும், அப்பால தரேன்" என்பார். ஆதிக்கு அது சாக்காகத்தான் பட்டது.

இப்போது அவன் கொட்டகையில் ஒன்பது முட்டைக்கு ஒன்பது குஞ்சு. ஒன்றுகூட கருப்பில்லை, ஒன்றுகூட வெள்ளையில்லை. ஒன்பதும் குடுமி, ஒன்பதும் மொட்டைக் கழுத்து, ஒன்பதும் மேகம். அப்படி நடக்காது. சந்தோஷத்தில் கூத்தாட வேண்டியவன், அடைக்கோழியைத் தூக்கிப் பார்த்த அன்றே கூசிப்போய் நின்றான். நாகபூஷணம் அப்போது உயிரோடு இல்லை. முட்டையை அவர் கொடுக்கவும் இல்லை.

மாசி மாதக் கடைசியில் ஒருநாள் அவர் புத்தூர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பச்சையம்மாள் திருப்பதியில் மகள் மோனிகா வீட்டில் இருந்தாள். இரண்டும் ஆதிக்குத் தெரியும். ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருந்த அவருடைய கொட்டகைக்குள் நுழைந்து, அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மத்தியானம் இரண்டு மணி வாக்கில் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. சுவரோரம் அடுக்கியிருந்த பெரிய கூடைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டான். நாகபூஷணம் உள்ளே வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கூடையின் பிரம்பு இடுக்கு வழியே அவர் கழுத்தில் வியர்வை ஓடுவது தெரிந்தது. அவர் மூச்சு, ஓட்டை விழுந்த துருத்திபோல் இழுத்து இழுத்து வந்தது.

"யார்னா... கீறீங்களா?"

போயிருக்கலாம். நாலே எட்டு. மடியில் சூடாக ஒன்பது முட்டை இருந்தது. எழுந்து போனால் என்னவென்று சொல்வது? இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், போனதும் ஓடிப்போய் ஆள் அழைத்துவரலாம் என்று நினைத்தான். அவர் எழவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தார். மறுபடி கூப்பிட்டார். மறுபடியும். கேட்கப் பொறுக்காமல் ஆதி இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். எவ்வளவு நேரமென்று அவனுக்குத் தெரியாது. கையை எடுத்தபோது கோழிகள் மட்டும் கொத்திக்கொண்டிருந்தன. அவரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

சாவுக்குப் போனான். பாடை கட்டினான். நாலு தோளில் ஒரு தோளாகத் தூக்கவும் செய்தான். அவனைக் கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கு அவன் அழுகை உண்மையாகவே பட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

குஞ்சுகள் வளர்ந்தன. கீச்சென்று ஒரு சத்தமில்லை. மற்றக் குஞ்சுகள் தாயைத் தேடிக் கத்திக்கொண்டு ஓடும்போது இவை ஒன்பதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். குடுமி வளர்ந்து கண்ணை மறைத்துத் தொங்கியது. எந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் ஆதி நகர்ந்த பக்கம் ஒன்பது குடுமிகளும் திரும்பும். மத்தியானம் இரண்டு மணி ஆனதும் வாசற்படியோரம் வரிசையாகப் படுத்து வாயைத் திறக்கும். கழுத்தெல்லாம் நனைந்து பளபளக்கும்.

மாங்காய் லாரிகள் ஓயாமல் போன ஆனி மாதம், விழுந்த பழங்கள் தோப்பெல்லாம் அழுகிப் புளித்த வாடையில் வீடே மூச்சு முட்டிக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாட்சாயணி வீட்டிலிருந்தாள். கொட்டகைப் பக்கம் துணி உலர்த்தப் போனவள் ஈரத்துணியோடே திரும்பி வந்தாள்.

"இன்னாங்க, உள்ள யாரு படுத்துக்கினு கீறாங்க?"

"யாருமில்ல. கோழிதான்."

"கோழி மூச்சு அப்டியா இருக்கும்? எங்கப்பாருக்குக் கடைசில இழுத்துக்கினு இருந்துச்சே, அந்த மாதிரி கீது."

"வெயிலுக்கு எளைக்குது. போ, போய் வேலயப் பாரு."

அவள் போகாமல் அவன் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு இன்னா, மூஞ்செல்லாம் வெளுத்துப் போயிக்கீது?" என்றாள். பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளின் கண்ணை நேராகப் பார்க்க முடியாமல், அவன் செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டான்.

மறு வாரம் அந்த ஒன்பதில் ஒரு சேவல் முதன்முதலாகக் கூவியது. விடியலில் இல்லை; மத்தியானம் இரண்டு மணிக்கு. பழகாத இளஞ்சேவல் குரல் உடைந்துதான் வரும், தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தை நீட்டி, பாதியில் மூச்சு அறுந்து, மறுபடி பிடித்து.

யார்னா. கீறீங். களா.

கூவல் அப்படித்தான் காதில் விழும், மனசு எதை நினைக்கிறதோ அதுதான் கேட்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அடுத்த நாள் இரண்டாவது சேவலும் கூவியது. அதே சொல். அதே இடத்தில் அறுந்த மூச்சு.

மூன்றாம் நாள் கத்தியை எடுத்தான். மொட்டைக் கழுத்து, இறகு விலக்க வேண்டியதுகூட இல்லை. பெரிய சேவலைத் தூக்கி இடுக்கிக்கொண்டு கழுத்தைப் பிடித்தான். தோல் சூடாக, ஈரமாக, மனிதத் தோலைப்போல் வழவழப்பாக இருந்தது. விரலுக்கடியில் நாடி தாறுமாறாகத் துடித்து, நின்று, துடித்தது. சேவல் திமிறவில்லை. தலையை அவன் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டது. காய்ச்சல்காரன் தலையைச் சாய்ப்பதுபோல. அதன் அலகு அவன் மணிக்கட்டோரம் திறந்தது.

"ஆதி."

கத்தி எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை.

அதன்பிறகு இரண்டு மணிக்கு அவன் வீட்டிலேயே இருப்பதில்லை. சாலை வரை நடந்து போய், பேருந்து நிற்கும் புளியமரத்தடியில் போகிறவன்போல் நிற்பான். யாராவது "எங்க போறீங்க?" என்று கேட்டால் ஏதாவது ஊர்ப்பெயர் சொல்வான்.

அங்கேதான் ஆடி மாதம் ஒருநாள், இரண்டு மணியாக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது, புத்தூர்ப் பேருந்திலிருந்து பச்சையம்மாள் இறங்கினாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு துணிப்பை.

"தம்பி! உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றாள். "அவரு வளத்த கலரு உங்கிட்ட கீதாமே. புத்தூர்ல பவன்குமாருன்னு ஒரு புள்ள, உன் தோப்பாண்ட போறப்ப போட்டோ எடுத்துப் போட்டுக்கீது. மோனிகா போன்ல காட்டினா. எங்க ஊட்டுல இருந்ததெல்லாம் சீக்குல பூடுச்சுப்பா. ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போறேன்."

அவன் நாக்கு தானாகவே பேசியது. "அண்ணன்தான் குடுத்தாரு அண்ணி. ஒம்போது முட்ட. போறதுக்கு முன்னாடி."

அவள் நின்றுவிட்டாள். கண் நிறைந்தது.

"குடுத்துட்டாரா? உனக்குத் தரணும், உனக்குத் தரணும்னு சொல்லிக்கினே இருந்தாருப்பா. குடுத்துட்டுத்தான் போயிக்கீறாரு. இப்பத்தான் என் மனசு ஆறுது."

அவள் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"அன்னிக்குப் பக்கத்துல ஒரு ஆளு இருந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு. நான் திருப்பதில பேரப்புள்ளயக் கொஞ்சிக்கினு குந்தியிருந்தேன். வெக்கமா கீது தம்பி. நாலு பேரு மூஞ்சில முழிக்க முடியல. சாவற வரிக்கும் எனக்கு இந்த வெக்கம் போவாது."

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. வாய் திறந்தது. "வெயிலா கீது அண்ணி, பாத்து வாங்க" என்றான்.

கொட்டகைக் கதவைத் திறந்தபோது புளித்த மாம்பழ வாடையோடு வியர்வை வாடையும் வந்தது. ஆண் வியர்வை. பச்சையம்மாள் வாசற்படியில் ஒரு கணம் தயங்கி, மூக்கை உறிஞ்சி, உள்ளே வந்தாள். மண் தரையில் உட்கார்ந்தாள். ஒன்பதும் அவளைச் சுற்றி வந்தன. மேகம் இறங்கியதுபோல. அவள் ஒரு குடுமியைத் தடவினாள்.

மணி இரண்டு.

முதலில் மூச்சு. ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஒன்பது. ஒரே இழுப்பு. ஒரே இடத்தில் அறுந்தது. பெரிய சேவல் கழுத்தை நீட்டியது.

யார்னா. கீறீங்களா.

அவள் கை குடுமியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது சேவல். மூன்றாவது. கூவாத பெட்டைகளும். மாற்றி மாற்றி, முறை வைத்ததுபோல. யார்னா கீறீங்களா. பச்சம்மா. யார்னா. அவன் அன்று கேட்டதெல்லாம், கேட்ட வரிசையிலேயே. கடைசியாகக் கேட்டதும் வந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை.

பெரிய சேவல் தலையைச் சாய்த்தது. குரல் தணிந்தது. கூவல் இல்லை அது. பேச்சு. காதைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கேட்காத பேச்சு.

"ஆதி... கூடைக்குப் பின்னால உன் காலு தெரியுதுடா. பயப்படாத. முட்டய எடுத்துக்கோ. எனக்கு ஒரு வாய்... தண்ணி மட்டும் குடுத்துட்டுப் போப்பா."

அப்புறம் அமைதி. நீண்ட அமைதி. அவர் காத்திருந்த அளவு.

ஆதிநாராயணன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவள் திரும்பவில்லை. கேட்டாளா? கேட்டிருக்கிறாள். எழுந்தாள். வாசலில் இருந்த குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டுவந்தாள். மண்டியிட்டாள். சொம்பைப் பெரிய சேவலின் வாயருகே சாய்த்துப் பிடித்தாள்.

கோழி ஒரு வாய் எடுத்தால் தலையை அண்ணாந்துதான் விழுங்கும். இது அண்ணாக்கவில்லை. விளிம்பில் அலகைப் பதித்து, விடாமல், மடக்கு மடக்காகக் குடித்தது. மொட்டைக் கழுத்தில், சிவந்த தோலுக்கடியில், ஆம்பிளைக் குரல்வளை ஒன்று முண்டி முண்டி ஏறியது. இறங்கியது. ஏறியது. அவள் இன்னொரு கையால் அதன் பின்தலையைத் தாங்கிக்கொண்டாள். முந்தானையால் வழிந்ததைத் துடைத்தாள்.

"மெதுவாங்க" என்றாள். "மெதுவாக் குடிங்க."

சொம்புக்கு மேலே குடுமி விலகியது. இமை கொட்டாமல் ஒரு பழுப்புக் கண் ஆதிநாராயணனைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை.