கரையாத சோப்பு

சோப்பு கரையவில்லை.

சுவிசேஷமுத்து முதலில் பார்த்தது அதைத்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குனிந்து பார்த்தார். ஆற்று மணலில் ஒரு வாரத்துக்கு மேல் கவிழ்ந்து கிடந்த வண்டியை டிராக்டர் கட்டி இழுத்து வந்து, அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ரோட்டோரம் இருக்கும் அவருடைய பட்டறையில் மத்தியானம்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சீட்டுக்குள் சேறு, விளக்குக் கண்ணாடிக்குள் சேறு, கதவு இடுக்கில் ஒரு அயிரை மீன் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்ட அத்தனையும் ஊறி நாறிப் போயிருக்க, பின்பக்கத் தகரத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்ரோல் டேங்கின் தலையில் இருந்த குட்டைக் குழாயின் வாயில் அந்த மஞ்சள் சலவை சோப்பு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. அதன்மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை. என்றைக்கோ துளைபோடும் மெஷினில் கிழிந்து தழும்பான விரல் அது. ரேகைக்குக் குறுக்கே தழும்புக் கோடு, இப்போதுதான் அமுக்கியதுபோலப் பளிச்சென்று தெரிந்தது.

பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு போன வெள்ளம். காசு பெறாத சோப்புத் துண்டைக் கரைக்க அதற்கு முடியவில்லையா? கரைந்திருக்கும், போயிருக்கும் என்று நம்பித்தான் இத்தனை நாளும் அவர் சோறு தின்றார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்வரிசையில் நின்று பாட்டுகூடப் பாடினார். இப்போது யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். அப்படிப் பார்த்தோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

வண்டி ஆவுடைநாயகம் பிள்ளையுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், வாழைத்தோட்டமும் வயலும் உள்ள மனிதர். அவர் அப்பா காலத்து அமெரிக்க பிக்கப், முட்டைக்கண் விளக்கும் தடித்த மூக்குமாக. அந்த ரக வண்டிக்கு பெட்ரோல் டேங்க் ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னாலேயே, உள்ளே இருக்கும். வெயில் ஏறினால் உட்கார முடியாத வாடை. டிரைவர் பிச்சைக்கண்ணு குமட்டல் தாங்காமல் எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதான் ஓட்டுவான். டேங்கைப் பின்னால் தகரத்துக்கு அடியில் மாற்றிக் கொடும் என்று பிள்ளை சொன்னார். சுவிசேஷமுத்து மாற்றினார். வேலையும் அழகாகத்தான் வந்தது, ஒன்றைத் தவிர.

டேங்க் மூச்சு விட வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகாவிட்டால், டேங்க் உள்ளுக்குள் உறிஞ்சிக்கொண்டு பெட்ரோலை இன்ஜினுக்கு விடாது. பழைய மூடியில் அதற்கு ஓட்டை இருந்தது. கீழே சேறு தெறிக்குமே என்று இவர் ஓட்டையில்லாத மூடி போட்டார். மூச்சுக்கென்று தலையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குட்டைக் குழாய் பற்றவைத்தார். அதிலிருந்து செம்புக் குழாய் ஒன்றை மேலே ஏற்றி, உச்சியில் குடைக்கம்பு மாதிரி வளைத்து விட்டால் வேலை முடிந்தது. அன்றைக்குப் பார்த்து செம்புக் குழாய் கையில் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது அந்த வாய்வழியே பெட்ரோல் அலம்பித் தெறித்து, பழைய வாடையே வந்தது. பிள்ளையோ கல்யாண வீட்டுக்குப் போகணும் வண்டியைக் கொடும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். ஒழுகுகிற டேங்கில் சோப்பைத் தேய்ப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கிற காரியம்தானே. இவர் ஒரு துண்டை உருட்டி மூச்சு வாயிலேயே வைத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிச்சைக்கண்ணுவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘ஏலே, வண்டி நின்னா மூடியத் தொறந்து மூடு’ என்று. அவ்வளவுதான், அது போதும். ஆனால் சுவிசேஷமுத்து கைவைத்த வண்டி வழியில் நிற்காது என்று அந்தப் பக்கமெல்லாம் ஒரு பேச்சு உண்டு. சொன்னால் வேலையை அரைகுறையாக விட்டார் என்று ஆகிவிடுமே! அந்தப் பாழாய்ப்போன பெருமைக்காக வாயை மூடிக்கொண்டார்.

நாளைக்கு என்றது மழையில் தள்ளிக்கொண்டே போனது. ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கிற தாழ்ந்த தாம்போதிப் பாலத்தின் நட்டநடுவில் ஒரு சாயங்காலம் வண்டி நின்றுவிட்டது. மேலே பெய்த மழை அப்போதுதான் கீழே வந்து சேர்ந்தது. பிச்சைக்கண்ணுவைப் பிணமாகத்தான் வாழைத்தோப்புக்குள் எடுத்தார்கள். நல்ல வண்டியைத் தாம்போதி நடுவில் எவன் நிறுத்துவான்? குடித்திருப்பான் என்றது ஊர்.

இப்போது டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் சோப்பை நெம்பினார். தக்கை கழன்றதும் டேங்க் காற்றை இழுத்தது. உஸ்ஸ். அது சரிதான், அடைபட்டுக் கிடந்த டேங்க் இழுக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு நொடியில் அடங்கியிருக்க வேண்டிய சத்தம் அடங்கவில்லை. நீளமாக, ஆழமாக, முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கி இழுப்பதுபோல இழுத்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடியும் இழுத்தது. சுவிசேஷமுத்து சோப்பைச் சாக்கடையில் விட்டெறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவுகிற சோப்பும் மஞ்சளாக இருந்ததால் பாதியில் அதைக் கீழே வைத்துவிட்டார்.

இன்ஜினைப் பிரித்துக் கழுவிக் கோத்து முடிப்பதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது. அந்த நாட்களில் டேங்க் தானாகவே சத்தம் போட்டது. டொம். சற்றுப் பொறுத்து, டொம். வெயிலுக்குத் தகரம் உப்பும், நிழலுக்கு ஒடுங்கும், அவருக்குத் தெரியாததா? ஆனால் அடைமழை மூட்டத்தில் வெயில் என்பதே இல்லை. காது கேட்டுக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது அந்தச் சத்தத்துக்குத் தகுந்தாற்போலத் தானும் மூச்சு விடுவதை ஒருநாள் கவனித்து, சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

பிச்சைக்கண்ணு பெண்சாதி பிரமாச்சி வந்தது அந்த நேரத்தில்தான். பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள். பட்டறைக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அதைப் பார்க்கவே அவருக்கு உடம்பு கூசியது.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கோவப்படாதீங்க. வண்டியில எதுவும் கோளாறு இருந்துச்சா?”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார்.

“அவிய ஒரு சொட்டு தொட்டவிய இல்ல. ஊரே குடிகாரன்னு சொல்லுது. மவளுக்குப் பேசி முடிச்ச எடத்துல, குடிகாரன் வீட்டுப் பொண்ணு வேண்டாங்காவ. வண்டி தானா நின்னுருச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கெடையாது.”

சொல்லிவிடு என்றது நெஞ்சு. சலவை சோப்பின் காரம் தொண்டைவரை வந்தது.

“வண்டி நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்றார்.

டொம், என்றது டேங்க். பிரமாச்சி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, போட மறந்தவளாக வெறுங்காலோடு ரோட்டில் நடந்து போனாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வெகுநேரம் அவள் போய்க்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை.

செம்புக் குழாயைப் பொருத்தியது கடைசி வேலை. ஒரு குழாயைப் போட்டால் வாயை வைத்து ஊதி, காற்று போகிறதா என்று பார்ப்பது வழக்கம். உச்சி வளைவில் வாயை வைத்து ஊதினார். போனது. தடையில்லாமல் போனது. வாயை எடுப்பதற்குள் அது திரும்பி வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக, அவர் நாக்கின்மேல். அதில் பெட்ரோல் வாடை இல்லை.

கிராம்பு.

பின்னுக்குச் சாய்ந்து கல்லில் உட்கார்ந்தார். வாயைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அந்த வாடை மூக்கிலேயே நின்றது.

மறுநாள் ஆவுடைநாயகம் பிள்ளை சொல்லியனுப்பாமல் நேரிலேயே வந்தார். “வே சுவிசேஷம், நீரே ஓட்டிட்டு வாரும். ஊர்ல ஒரு பய வண்டியத் தொட மாட்டேங்கான். நீரு ஓட்டிட்டு வந்தாத்தான் வண்டியில குத்தமில்லன்னு நம்புவானுவ.”

“வேற ஆள வச்சு அனுப்புதேன் அண்ணாச்சி.”

“ஏன்வே, உம்ம வேலைய நீரே நம்பலையா?” என்று பிள்ளை சிரித்தார். சுவிசேஷமுத்து வண்டிச் சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் தூறல் விட்டதும் கிளம்பினார். வண்டி பூப்போல ஓடியது. வயலெல்லாம் தண்ணீர், தவளைச் சத்தம், ஈர வைக்கோல் வாசனை. பிள்ளையிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கினார். ‘அண்ணாச்சி, தப்பு எம்மேலதான்.’ அடுத்த வளைவில் அதுவே ‘தப்பு நடந்திருக்கலாம்’ என்று ஆனது. ஆற்றிறக்கம் வருவதற்குள், மூடி தயாரித்தவன்மேல் பழியைப் போட்டு ஒரு கதையே தயாராகிவிட்டது. சீ, என்ன பிறவி நான் என்று நினைத்துக்கொண்டே கியரை மாற்றித் தாம்போதியில் இறக்கினார்.

நடுவில் இன்ஜின் இருமியது.

ஒருமுறை. இன்னொருமுறை. நின்றது.

சத்தம் நின்றதும் ஆறு கேட்டது. தாம்போதியின்மேல் விரற்கடை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருகினார், இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மூச்சு வாய் திறந்திருக்கிறது. தானே ஊதிப் பார்த்த குழாய். நிற்க நியாயமே இல்லை.

எதிரே ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். “என்ன அண்ணாச்சி, வண்டி நின்னுருச்சா? கோளாறா?”

“கோளாறெல்லாம் இல்லவே. சும்மா நிறுத்திருக்கேன்.”

வாய் தானாகவே சொல்லிவிட்டது. சைக்கிள்காரர் அவரையும் மங்குகிற ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். லேசாக மோந்து பார்த்தார். குடித்திருக்கிறாரா என்று பார்க்கிறார்!

“மேல நல்ல மழையாம். சட்டுனு எடுத்துட்டுப் போயிரும்” என்று சொல்லிவிட்டு உருட்டிக்கொண்டு போனார். கரையேறி, வாழைகளுக்குள் மறைந்தார்.

சுவிசேஷமுத்து இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். உள்ளேயிருந்து யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல இருந்தது. குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்தார்.

செம்புக் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

குட்டைக் குழாயின் வாயில் சோப்பு.

மஞ்சள் சோப்பு. அவர் ரேகை. அவர் தழும்பு.

நகத்தால் நெம்பினார். வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். மறுபக்கத்திலும் ஒரு ரேகை இருந்தது. டேங்குக்குள் இருந்த பக்கம். ஆழமாக, பலம்கொண்டமட்டும் அமுக்கித் தள்ளிய கட்டைவிரல். தழும்பு இல்லாத விரல்.

காற்று இழுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இழுக்கிறதா என்று தெரிந்துகொள்ள, இத்தனை வருஷப் பழக்கத்தில், கட்டைவிரலைக் குழாயின் வாயில் வைத்தார்.

இழுத்தது.

விரல் கணுவரை உள்ளே போனது. பிடுங்கினார். வரவில்லை. உள்ளே வெதுவெதுப்பு. ஈரம். பிறகு, மெதுவாக, ஒரு விரல் நுனி வந்து அவர் விரல் நுனியில் பொருந்தி நின்றது.

கிராம்பு வாடை வந்தது.

“நாந்தாம்லே அடைச்சேன்!” என்று அலறினார். “அவன் குடிக்கல! நாந்தான், நாந்தான் அடைச்சேன்!” கரையில் ஒருவரும் இல்லை. வாழையிலைகள் மட்டும் அசைந்தன. மேற்கே, இருட்டுக்குள், பாறைகள் உருளும் சத்தம் கேட்டது.

தண்ணீர் குந்தியிருந்தவரின் இடுப்புக்கு வந்தது. டார்ச் நழுவி, எரிந்துகொண்டே அடியில் போனது. நெஞ்சுக்கு வந்தது.

டேங்க் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இழுத்துக்கொண்டே இருந்தது. வெளியே விடவில்லை.