காந்தம் ஒட்டிய சுவடுண்ணி

விடிந்ததும் வெள்ளிக்குன்றத்து முகாமில் நின்ற உலாவகங்கள் எல்லாம் தம் முதுகிலிருந்த வெயில்தகடுகளை விரித்துக்கொண்டன. ஒன்று மட்டும் மூடியபடியே கிடந்தது. அதன் படியில் ஞானசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பிற்பகலில், "காலாற நடந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போன அவள் கணவர் பரமானந்தம் இன்னும் திரும்பவில்லை.

உலாவகம் என்பது சக்கரத்தின்மேல் ஏறிக்கொண்ட வீடு. சமையற்கட்டு, கட்டில், குளியலறை யாவும் ஒரு பேருந்தின் நீளத்துக்குள் அடங்கிவிடும். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் பணி ஓய்வும் பெற்ற பலர், இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு இப்படி மலை மலையாகச் சுற்றி வந்த காலம் அது. காடு அவர்களுக்குக் கதவு திறந்ததற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வந்தவர் வந்தார் என்பதே தெரியக் கூடாது. அந்த நிபந்தனையைக் காப்பாற்றத்தான் சுவடுண்ணி பிறந்தது.

அது ஓர் ஆமையின் அளவே இருக்கும். வயிற்றின் அடியில் சீப்புப் பற்களைப் போல வரிசையாகக் கால்கள். உரிமையாளர் முன்னே நடக்க, அது பின்னே ஊர்ந்து வரும். மிதிபட்ட புல்லை நிமிர்த்தும். செருப்புத் தடத்தை வாரி மண்ணோடு மண்ணாக்கும். புரண்ட கல்லைப் பழைய இடத்தில் வைக்கும். வியர்வை வாடையைக்கூட உறிஞ்சிவிடும். அதன் நினைவறையில் உரிமையாளரின் நடை பதிந்திருக்கும். அதனால் அவர் சுவட்டை மட்டும் அழித்து, மானின் குளம்பையும் எறும்பின் சாரையையும் தொடாமல் விட்டுவிடும். எந்த வழியாகப் போனோம் என்பதும் அதே நினைவறையில்தான் பதிவாகும். கைப்பேசிக் கோபுரமே இல்லாத அந்த மலையில், ஒருவருக்கு ஆபத்து என்றால் குரல் கொடுக்க வேண்டியதும் சுவடுண்ணிதான்.

"ஒரு சத்தமும் வரலையே" என்றார் வனச்சரகர் ஜெயசீலி. மீட்புக் காவலர்கள் நால்வருடன் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். கையில் இருந்த அலைவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "மிஷின் உடைஞ்சாக்கூட ஒரு தடவை கத்திட்டுத்தான் ஓயும். இது பேச்சு மூச்சே இல்லாம இருக்கு. எப்படின்னு எனக்குப் புரியல."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தத்தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் பூரணியும் நின்றாள். அவளுக்குப் புரிந்திருந்தது.

நெசவாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற பூரணியை அறியாத உலாவகம் அந்த மலைத்தொடரிலேயே கிடையாது. மாலை தவறாமல் முகாம் வானொலியில் ஒரு துணுக்குச் சொல்வாள். இட்லி மாவுப் பானையை மின்கலப் பெட்டியின்மேல் வைத்தால் எந்தக் குளிரிலும் பொங்கிவிடும் என்பாள். சக்கரத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் எறும்பு மேலே ஏறாது என்பாள். வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்கக் கருவி எதற்கு, ஒரு தட்டில் ரசம் ஊற்றி வைத்தால் போதாதா என்று சிரிப்பாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே அழைத்தார்கள். பரமானந்தத்துக்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். அவரும் அப்படித்தான் அழைத்தார். "அக்கா சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் ஏது?" என்பார்.

சென்ற மழைக்காலத்தில் அவள் சொன்ன துணுக்கு ஒன்று உண்டு. காட்டில் போகக் கூடாத பகுதிகள் சில இருந்தன. அங்கே போய் வந்தால் சுவடுண்ணியின் நினைவறையே காட்டிக்கொடுத்துவிடும், அபராதம் வரும். குளிர்பெட்டிக் கதவில் படம் ஒட்டி வைக்கிற சிறு காந்தத்தைச் சுவடுண்ணியின் அடிவயிற்றில் ஒட்டிவிட்டால் நினைவறை மயங்கிப்போகும் என்று பூரணி கண்டுபிடித்தாள். முகாமே அவளைக் கொண்டாடியது. காந்தம் ஒட்டினால் கருவி ஆபத்துக்கும் குரல் கொடுக்காது என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். ஆனால், துணுக்கு என்றால் சுருக்கமாக இருக்க வேண்டாமா? அந்த எச்சரிக்கையை அவள் சொல்லவில்லை.

இப்போது சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால்? பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி படிப்படியாக ஏறிவந்துகொண்டிருந்தது. இன்னொரு குளிரை அந்த மனிதரின் உடல் தாங்காது. ஞானசுந்தரியின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் பூரணியின் கால்கள் தாமாகவே முன்னே நகர்ந்தன.

"மேடம், அது கத்தாது. அதுல காந்தம் ஒட்டியிருக்கும்" என்றாள். "நான்தான் ஒட்டச் சொன்னேன்."

ஞானசுந்தரி நிமிர்ந்தாள். கத்துவாள் என்று பூரணி எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நான் வேணாம்னுதான்க்கா சொன்னேன்" என்றாள் அவள், தணிந்த குரலில். "அக்காவே சொல்லிட்டாங்க, உனக்கு என்ன தெரியும்னு என்னையத் திட்டினாரு."

ஜெயசீலியின் முகம் இறுகியது. "நீங்களும் ஒட்டியிருக்கீங்களா?"

"வேலை செய்யுதான்னு முகாமுக்குள்ள ஒட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்." இந்தப் பொய் எவ்வளவு எளிதாக வந்தது என்று பூரணிக்கே வியப்பாக இருந்தது. அதை மறைக்கிறவளைப் போல அவசரமாகத் தொடர்ந்தாள். "இன்னொண்ணும் இருக்குங்க மேடம். காந்தம் ஒட்டினா அதுக்குத் தன் ஆளோட நடை மறந்துபோகும். எது மனுசன் தடம், எது மாட்டுத் தடம்னு தெரியாது. பின்னால இருக்கிறது எல்லாத்தையும் வழிச்சிடும். மத்த இடமெல்லாம் காட்டெருமை மிதிச்சு, பன்னி கிளறிக் கிடக்கும். அவரு போன பாதை மட்டும் வாரி வச்ச தலை மாதிரி இருக்கும். தடத்தைத் தேடாதீங்க. தடமே இல்லாத இடத்தைத் தேடுங்க."

ஜெயசீலி ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு பறவையின் அளவிலான பறப்புக்கண்ணை மேலே ஏவினார். அது மலைச்சரிவின்மேல் வட்டமிட்டுப் படம் அனுப்பத் தொடங்கியது. எல்லோரும் திரையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பூரணி சொன்னது சரியாகவே இருந்தது. குளம்பும் சாணமும் கிளறிய மண்ணுமாகக் கிடந்த புல்வெளியின் நடுவே, எண்ணெய் தடவி எடுத்த வகிடுபோல ஒரு கோடு தெளிவாக ஓடியது.

"தோ, அதேதான்!" என்று ஒரு காவலர் கூவினார்.

பறப்புக்கண் சற்றுத் திரும்பியது. அருகே இன்னொரு வகிடு. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மற்றொன்று. பாறையைச் சுற்றி ஒன்று, ஓடையைத் தாண்டி ஒன்று. சரிவு முழுவதும், பொறுமையில்லாத தாய் வாரிவிட்ட குழந்தையின் தலையைப் போல, வகிடு மயமாக இருந்தது. யாரும் நடக்கக் கூடாத பகுதியில் ஊரே நடந்திருக்கிறது. ஊர் முழுவதும் அக்காவின் சொல்லைத் தட்டாமல் கேட்டிருக்கிறது.

"எங்கிட்ட இருக்கிறது நாலே பேரு" என்றார் ஜெயசீலி. "ஒவ்வொரு கோட்டுலயும் ஏறி இறங்கிப் பார்த்தா நாளைக்கு ஆயிடும். யாருது எதுன்னு சொல்லுங்க. மிச்சம் இருக்கிறது அவரோடது."

முகாமில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எல்லோரும் எல்லோரிடமும் காட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அந்தப் பெயரை முதலில் கீழே வைப்பவர் யார்?

"ஓடைப்பக்கம் போறது எங்களுது" என்றாள் மெர்சி, எங்கோ பார்த்தபடி. "காளான் பறிக்கப் போனோம்."

"பாறைக்கிட்ட இருக்கிறது நம்முளுதுங்க" என்று இருளப்பன் தலையைச் சொறிந்தார். "பீடி பிடிக்க."

"பீடியா?" என்று அவர் மனைவி திரும்பினாள். "முழங்காலுக்குப் பயிற்சின்னு சொல்லிட்டு இல்ல போனீங்க?"

"நடக்கிறது பயிற்சிதானடி."

அந்த நிலையிலும் ஓரிருவர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு மதகைத் திறந்துவிட்டது. இரட்டை வகிடு ஒரு வயதான தம்பதியுடையது. அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொள்ளப் போனார்களாம். வளைந்து வளைந்து போன கோட்டை ஒருவர், மருமகள் கைப்பேசியில் அழைக்கும்போது தொலைவில் இருக்கவே அங்கே போனதாகச் சொல்லி ஏற்றுக்கொண்டார். "கோபுரமே கிடையாதேப்பா இங்க!" என்று ஒருவர் கேட்க, "அதனாலதான் இந்த மலைக்கே வந்தேன். இருந்தாலும் பயம்" என்றார் அவர். ஒவ்வொருவர் சொல்லச் சொல்ல, ஜெயசீலி திரையில் அந்தக் கோட்டை அழித்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் இரண்டு எஞ்சின. ஒன்று கிழக்கே கற்குவியல்களுக்குள் நுழைந்தது. மற்றொன்று மேற்கே செங்குத்தாக ஏறி, குன்றின் அந்தப் பக்கத்துச் சுனைக்குப் போனது. அரிய பறவைகள் கூடு கட்டும் சுனை அது. காட்டிலேயே கடுமையான தண்டனைக்குரிய இடமும் அதுதான்.

"இது யாருது?" என்று ஜெயசீலி இரண்டையும் காட்டிக் கேட்டார். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒண்ணு அவரோடது. இன்னொண்ணுக்குச் சொந்தக்காரங்க இங்க இல்லபோல. மேற்கத்துதான் பெரிய ஏத்தம், வழுக்கல் பாறை. விழுந்திருந்தா அங்கதான் விழுந்திருப்பாரு. கிளம்புங்கப்பா."

காவலர்கள் தூக்குக்கட்டிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேற்கே நடந்தார்கள். ஞானசுந்தரி கைகூப்பியபடி அவர்கள் பின்னால் ஓடினாள்.

பூரணி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தச் சுனையின் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பதை அவள் உடம்பு அறியும். வாரம் ஒருமுறை அங்கே போய்க் கழுத்தளவு நீரில் அமர்ந்து வருவது அவள் வழக்கம். நான்கு நாளைக்கு முன்னால்தான், ஒரு பூவைப் பறித்துவிட்டாள் என்பதற்காக ஒரு பெண்ணை வானொலியில் எல்லோரும் கேட்கக் கண்டித்திருந்தாள். குற்றம் செய்யச் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒப்புக்கொண்டாயிற்று. அதற்கு ஒருவகைத் துணிவு போதுமாக இருந்தது. ஊருக்கு உதவப் போய் நேர்ந்த பிழை என்று அதற்கு ஒரு நல்ல உடை போர்த்தலாம். இதற்குப் போர்த்த எதுவும் இல்லை. இது வெறும் ஆசை.

மூடுபனியின் முதல் சுருள் முகாமின் விளிம்பைத் தொட்டது.

"மேடம்!" என்று அவள் கத்தினாள். "அங்க போகாதீங்க! அது என்னுது!"

எல்லோரும் திரும்பினார்கள். பூவைப் பறித்த பெண்ணும் திரும்பினாள்.

"சுனைக்கு நான்தான் போவேன். ஒரு தடவை இல்ல, வாராவாரம். முகாமுக்குள்ள மட்டும் ஒட்டிப் பார்த்தேன்னு சொன்னது பொய். அவரு கிழக்கால இருக்காரு. ஓடுங்க!"

ஜெயசீலி கையை அசைத்தார், காவலர்கள் கிழக்கே ஓடினார்கள்.

பரமானந்தம் இரு பாறைகளுக்கு நடுவே, கணுக்கால் ஒடிந்து, உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். உயிர் இருந்தது. அவர் சுவடுண்ணியும் அங்கேயே இருந்தது. அவரைச் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்துகொண்டிருந்தது.

"கல்லை அடுக்கி அம்புக்குறி வச்சேன்" என்று அவர் முனகினார். "அது ஒவ்வொரு கல்லா எடுத்துப் பழைய இடத்துல கொண்டுபோய் வச்சிருச்சு. துண்டைக் கிழிச்சுப் போட்டேன், மண்ணுக்குள்ள புதைச்சிருச்சு. கையில அடிபட்ட ரத்தத்தால பாறையில கோடு போட்டேன். துடைச்சிருச்சு. கவுத்துப் போடலாம்னா கைக்கு எட்டல. நான் இங்க இல்லவே இல்லன்னு ஆக்கிறதுல அதுக்கு எவ்வளவு அக்கறை!"

வெந்நீர்ப் பையும் கம்பளியும் சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முகாமே உடன் நடந்தது. ஞானசுந்தரி அவர் கையை விடவில்லை. பூரணி எல்லோருக்கும் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி வந்தாள்.

"எல்லாருக்கும் அபராதம் உண்டு" என்று ஜெயசீலி நடந்தபடியே சொன்னார். "அக்காவுக்கு அதுக்கு மேலயும் உண்டு. அடுத்த மாசம் புதுச் சுவடுண்ணி வருது. முழுக்கப் பீங்கான் ஓடு. காந்தம் கீந்தம் ஒண்ணும் ஒட்டாது. இந்த விளையாட்டு இத்தோட முடிஞ்சுது."

பீங்கான் என்ற சொல் காதில் விழுந்ததுமே பூரணியின் மனம், அவளைக் கேளாமலே, வேலையைத் தொடங்கிவிட்டது. பீங்கான் சூட்டை வெளியே விடாதல்லவா. நண்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்தால் உள்ளேயிருக்கும் நினைவறை தானாகச் சோர்ந்துவிடுமே. நான்கு அடி நடப்பதற்குள் துணுக்கு ஆயத்தம். வானொலியில் சொல்லும் வாக்கியமும்கூடத் தயார்.

"பூரணியக்கா இருக்காங்களா?" என்று தூக்குக்கட்டிலில் இருந்து குரல் வந்தது.

கூட்டம் விலகி அவளுக்கு வழிவிட்டது. பரமானந்தம் வலிக்கு நடுவே அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். சரகருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டார்.

"பீங்கானாமேக்கா. அதுக்கு என்ன வழி?"

"தெரியாதுங்க."

"சும்மா சொல்லாதீங்க. உங்களுக்கா தெரியாது?"

கட்டிலைத் தூக்கியவர்களின் நடை சற்றே தளர்ந்தது. பீடிக்காரர் அருகே நெருங்கி வந்தார். மெர்சி காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். ஞானசுந்தரியும், கணவனின் கையைப் பிடித்தபடியே, தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.