மாடிக் கூடத்துக் கோடு

ரீப்பரில் எண்ணெய் காயாமல் இருந்தது. தாணுமாலயன் அதைத்தான் முதலில் கவனித்தான். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த மாடிக் கூடத்தில், கறுப்புச் சாயம் பூசிய மரத்தரையின் நடுவே, இருபதடி நீளத் தேக்கு ரீப்பர் ஒன்று கப்பலின் விலாவைப் போல வளைந்து கிடந்தது; அது நிமிர்ந்துவிடாதபடி இரண்டு பக்கமும் ஈயக் கட்டிகள் முட்டுக் கொடுத்திருந்தன. கூடம் முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. ரீப்பரிலும் கட்டிகளிலும் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

சண்டைக் காலத்தில் தூத்துக்குடியில் குண்டு விழும் என்று பயந்து, கப்பல் கட்டச் சொல்லித்தரும் அந்தச் சின்னக் கல்லூரியைக் குற்றாலத்தில் இந்த ஜமீன் பங்களாவுக்கு மாற்றியிருந்தார்கள். மொத்தம் பதினெட்டு மாணவர்கள். மலையடிவாரத்தில் கப்பல் படிப்பு என்றால் ஊர் சும்மா விடுமா? “அருவியில கப்பல் விடப் போறீகளோ?” என்று கடைத்தெருவில் கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தார்கள். கல்லூரி கடற்கரைக்குத் திரும்பிய பிறகும் பழைய மாணவர்கள் ஆடிச் சாரலுக்கு இங்கேதான் கூடினார்கள். கீழ்த்தளத்தில் விருந்து, அருவியில் குளியல், வெட்டிப் பேச்சு. இந்த வருடம் கூடுதலாக, இங்கே படிக்கும்போதே செத்துப்போன நெல்லையப்பன் பெயரில் ஒரு பதக்கம். அதைக் கொடுக்க அவனுடைய அப்பா நாளைக் காலை கடையத்திலிருந்து வருகிறார். மகன் அருவியில் வழுக்கி விழுந்து செத்தான் என்றுதான் அந்த மனிதருக்குத் தெரியும்.

அது பொய். கப்பலின் வளைவை முழு அளவில் இந்தத் தரையில்தான், ரீப்பரை வளைத்து அதையொட்டிக் கோடாகப் போடுவார்கள். கோடு சரியா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் நீளத்துக்குப் பார்க்க வேண்டும். எங்கே வயிறு தள்ளுகிறது, எங்கே குழிகிறது என்று அப்போது தெரிந்துவிடும். நெல்லையப்பன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சங்கிலிப்பாண்டி ஒரு மாதம் பாடுபட்டு வரைந்த கோட்டை அவன் அப்படிப் பார்த்துவிட்டு, “கப்பல் போடச் சொன்னா செனை எருமையப் போட்டு வச்சிருக்கான்” என்றான், வாத்தியார் முன்னாலேயே. வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் மறுபடியும் பார்க்கப் படுத்தவன் தலையில் சங்கிலிப்பாண்டி ஈயக் கட்டியைப் போட்டான். இரண்டு தடவை. வாசலில் நின்ற தாணுமாலயன் கத்தவில்லை. உடம்பைச் சாக்கில் சுற்றி அருவிக்கு மேலே கொண்டுபோகும்போது ஒரு முனையை அவன்தான் பிடித்தான். அந்த வெட்கம் அவனைச் சோறு தின்ன விடவில்லை.

படியில் செருப்புச் சத்தம். சங்கிலிப்பாண்டி வந்தான். கல்கத்தாவில் பெரிய வேலை, உடம்பும் பெருத்திருந்தது.

“இங்கன என்னலே செய்யுத?”

“ரீப்பரப் போட்டது நீயா?”

“எனக்கு வேற சோலி இல்லையாக்கும். இப்பதான் வண்டிய விட்டு எறங்குதேன்.”

கீழே மற்றவர்கள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. காவல்காரன் மாடன் காய்கறி வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தான். மணி நாலுதான் இருக்கும். ஆனாலும் சாரல் சன்னல்களை அடைத்துக்கொண்டு கூடத்தை இருட்டாக்கியிருந்தது. அருவியின் இரைச்சல் சுவருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

“பாண்டி, நெல்லையப்பன் அப்பா நாளைக்கு வருதாக. நான் உள்ளதச் சொல்லிரப் போறேன்.”

சங்கிலிப்பாண்டி சிரித்தான். தாணுமாலயன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

“என்னத் தூக்குல போட்ருவானுவ லே.”

“தெரியும். என்னையும் விடமாட்டானுவ.”

தரையில் ஏதோ உரசியது. ஈயக் கட்டி ஒன்று தானாக ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. ரீப்பரின் நுனிக்குப் பக்கத்தில், தரைத் தூசியின் மேல், வட்டமாக ஈரம் கசிந்து பரவுவதைத் தாணுமாலயன் பார்த்தான். ஒரு கன்னத்தின் அளவு. பக்கத்தில் காதின் மடல், அச்சாக. ஆற்றுப் பாசியின் வாடை குப்பென்று அடித்தது.

“பாண்டி, அங்கன பாரு.”

அவன் பார்க்கவில்லை. குனிந்து, ரீப்பரின் வயிற்றுப் பக்கத்துக் கட்டியைத் தூக்கினான். ஓங்கி அடித்தான். தாணுமாலயனின் காறை எலும்பு முறிந்தது. அவன் முழங்காலில் விழுந்தான். வாயில் இரத்தம் கரித்தது. கட்டி மறுபடியும் உயர்ந்தது.

அப்போது ரீப்பர் விடுபட்டது. சாட்டை போலச் சுழன்று வந்து சங்கிலிப்பாண்டியின் கால்களை அடித்தது. இரண்டு முழந்தாளும் ஒரே சத்தத்தில் உடைந்தன. ரீப்பர் கிடந்த இடத்தில் அவன் நீளமாக விழுந்தான்.

கட்டிகள் நகர்ந்தன.

ஒன்று மணிக்கட்டின் மேல் ஏறியது. ஒன்று கணுக்காலில். ஒன்று தொண்டைக்குப் பக்கத்தில். எட்டு ராத்தல் ஈயம்தான். அவனால் அசைக்க முடியவில்லை. மற்றவை விலாவில் முட்டித் தள்ளத் தொடங்கின. மெதுவாக. அவன் உடம்பு பக்கவாட்டில் வளைந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. அலறினான். அருவி அதை விழுங்கியது.

தாணுமாலயன் ஓட எழுந்தான்.

பிடரியில் ஒரு கை விழுந்தது. ஈரமான கை. குளிர்ந்து, ஊறி, தோல் வழன்ற கை. அது அவன் முகத்தைத் தரைக்கு அழுத்தியது. கன்னம் பலகையில் பட்டது.

“பாருலே,” என்றது காதருகே. “கோடு சரியா இருக்கா?”

சங்கிலிப்பாண்டியின் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. உயிர் இருந்தது. சரியா இருக்கு என்று சொல்லுலே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. ஒரு சின்னப் பொய். சொல்லிவிடலாம். தாணுமாலயன் வாயைத் திறந்தான். வரவில்லை.

“இடுப்புகிட்ட... கொஞ்சம் தள்ளுது.”

ஈயம் நகர்ந்தது. பச்சைக் கொம்பு முறிவது போல ஒரு சத்தம்.

“இப்பம்?”

தாணுமாலயன் அழுதுகொண்டே ஒரு கண்ணை மூடினான். கவனமாகப் பார்த்தான்.

“இன்னும் கொஞ்சம்,” என்றான்.